கஞ்சித் தொட்டியோடு நிற்குமா கிறித்தவம்?

மத்தேயு எழுதிய நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை நம் கிறித்தவ நண்பர்கள் நன்கறிவர். இறுதித் தீர்ப்பு நாளில் மனிதனிடம் கேட்கப்படப் போவது எத்தனை முறை கோயிலுக்கு வந்தாய் என்பதன்று. பசித்தவனுக்குச் சோறிட்டாயா, தாகித்தவனுக்குத் தண்ணீர் தந்தாயா, அந்நியனை வீட்டில் சேர்த்தாயா, ஆடையற்றவனுக்கு ஆடை கொடுத்தாயா, நோயாளியைப் பார்த்தாயா, சிறையில் கிடப்பவனிடம் போனாயா என்பதே அங்கே கேள்வி. ஆக மொத்தம் ஆறு கடமைகள்.

இந்த ஆறில் முதல் ஐந்துக்கும் நம்மிடையே குறைவில்லை. நாம் வாழும் இந்த மும்பை மாநகரில் எந்தப் பங்குக் கோயிலில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். கிறிஸ்துமஸ் வந்தால் அரிசியும் சேலையும் உண்டு. மழைக்காலத்தில் குடிசைகளில் வெள்ளம் புகுந்தால் ரொட்டியும் போர்வையும் உண்டு. இலவச மருத்துவ முகாம் உண்டு. கொடுப்பவர் கை கூசுவதில்லை, வாங்குபவர் வாழ்த்தத் தவறுவதில்லை, வட்டாரத்துக் கார்ப்பரேட்டர் மேடையேறி மாலை வாங்கிக்கொள்ளவும் மறப்பதில்லை. ஆனால் ஆறாவது கடமை மட்டும் பெரும்பாலும் பைபிளோடு நின்றுவிடுகிறது. சிறைப் பணிக்கென்று திருச்சபையில் தனிப் பிரிவே இருக்கிறது, அதில் உழைக்கும் நல்லவர்களும் இருக்கிறார்கள். எனினும் பங்கு மக்களுக்கும் சிறைக்கும் நடுவே நிற்கும் மதில், சிறை மதிலைவிட உயரமானது.

காரணம் எளிது. பசித்தவனுக்குச் சோறு போடும்போது அவன் ஏன் பசித்தான் என்று கேட்காமலேயே போட்டுவிடலாம். சிறையில் இருப்பவனைப் பார்க்கப் போனால் அப்படித் தப்பிக்க முடியாது. இவன் ஏன் உள்ளே இருக்கிறான், யார் வைத்தார்கள், எந்தச் சட்டத்தின்படி, எத்தனை நாளாக என்ற கேள்விகள் தாமே எழும். கேட்டுவிட்டால் அது அரசியல் ஆகிவிடுகிறது. "மதத்துக்கு அரசியல் எதற்கு?" என்ற அதட்டல் அப்போதுதான் வருகிறது. சோறு போடும்போது அதட்டியவர் யாருமில்லை!

நமது ஏடு எந்த மதத்தின் ஏடும் அன்று. இருப்பினும் இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. தாராவியிலும் பிற பகுதிகளிலும் வாழும் நம் உறுப்பினர்களில் கணிசமானோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிலுவையோடு வந்தவர்கள். அதுமட்டுமன்று, அந்த ஆறாவது கடமையை எழுத்துப் பிசகாமல் செய்யப் போன ஒரு தமிழர், கைதியாக இந்த மாநகருக்குக் கொண்டுவரப்பட்டு, கைதியாகவே இங்கு மாண்டார். 2021ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் பாந்த்ராவில் உள்ள ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில் உயிர் நீத்த ஸ்டான் சுவாமி அடிகளாரைச் சொல்கிறோம்.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்த ஸ்டானிஸ்லாஸ் லூர்துசாமி, 20 வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். நம்மில் பலர் பிழைப்புக்காக ஊரை விட்டோம். அவர் ஊழியத்துக்காக விட்டார். 1960களில் அன்றைய பீகாரின் தென்பகுதியில், சாய்பாசாவை அடுத்த பழங்குடி மாணவர் பள்ளியில் ஆசிரியரானார். விடுமுறை நாள்களில் மாணவர்களோடு வாரச் சந்தைக்குப் போவார். காட்டிலிருந்து சுமந்து வந்த பொருளை அவர்கள் கண்ணெதிரிலேயே வெளியூர் வியாபாரி ஏமாற்றி வாங்குவதைக் கண்டார். அன்று அவரிடம் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் சட்டையும் வாங்கித் தருவதோடு முடித்திருக்கலாம். அவரோ, இது ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்கத் தொடங்கினார். பின்னர் மணிலாவில் இறையியலும் சமூகவியலும் படித்தார். பெல்ஜியத்தில் படித்த காலத்தில், பிரேசில் நாட்டு ஏழைகளின் பேராயர் எல்டர் கமாராவின் நட்பும் கிடைத்தது. 1975 முதல் பத்தாண்டுக்கு மேல் பெங்களூரில் இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநராக இருந்து, நாடெங்கிலும் இருந்து வந்த இளைஞர்களுக்குச் சமூக ஆய்வுப் பயிற்சி அளித்தார். இயேசு சபையின் 32ஆவது பொதுப் பேரவை கூடியதும் அந்த 1974-75இல்தான். விசுவாசத்துக்குத் தொண்டு செய்வதும் நீதிக்குப் பாடுபடுவதும் பிரிக்க முடியாதவை என்று அப்பேரவையின் 4ஆவது ஆணை உரைத்தது. காகிதத்தில் எழுதியதைக் கையில் எடுத்தவர்கள் அதற்கு உலகெங்கும் விலை கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஏதோ எழுபதுகளில் மார்க்சியக் காற்று அடித்ததால் பாதிரிமார்கள் கெட்டுப்போனார்கள் என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறது. வரலாறு தெரியாத பேச்சு அது. அடிகளார் போய்ச் சேர்ந்த சோட்டாநாக்பூர் மண்ணிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது.

1885இல் அங்கு வந்த பெல்ஜியம் நாட்டு இயேசு சபைப் பாதிரியார் கான்ஸ்டன்ட் லீவன்ஸ், முண்டா மக்களிடம் முதலில் போனபோது அவர்களுடைய முதற்பெருந்துன்பம் பசியன்று, நிலம் பறிபோவதும் ஜமீன்தாருக்குச் செய்ய வேண்டியிருந்த கூலியில்லா வேலையும் என்று கண்டார். கஞ்சித் தொட்டி திறக்காமல் நிலச் சட்டத்தையும் வழக்காற்றையும் படித்தார். குடியானவர்களின் வழக்குகளுக்குக் கச்சேரியில் துணை நின்றார். அதன் விளைவாகச் சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரவர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பதும் உண்மை. வழக்குக்கு உதவி, மதத்துக்கு ஆள் என்ற பண்டமாற்று அது என்று குறை சொல்வோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அந்தக் குறையை முற்றாகத் தள்ளிவிட நம்மால் இயலாது. ஆயினும் மிஷன் வரும்வரை அந்த ஏழைக் குடியானவனின் வழக்கைக் கையிலெடுக்க மற்றவர்கள் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கும் விடை வேண்டும்.

அதன் பிறகு நடந்தது இன்னும் சிந்திக்கத் தக்கது. சாய்பாசாவின் ஜெர்மன் மிஷன் பள்ளியில் படித்து, பின் மிஷனைத் துறந்து வெளியேறிய பிர்சா முண்டா தலைமையில் 1899 கிறிஸ்துமஸ் சமயத்தில் கலகம் மூண்டபோது, மிஷன் நிலையங்கள் மீதும் அம்பு பாய்ந்தது. சர்வதாவில் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியப் பாதிரியார் இருந்த நிலையமும் அதற்குத் தப்பவில்லை. அந்தப் பாதிரியார் என்ன செய்தார்? அம்பு எய்தவனின் கோபத்துக்குக் காரணம் நிலம்தான் என்பதை அறிந்து, அந்நிலத்தைக் காக்கும் சட்டத்துக்காக அரசிடம் வாதாடினார். முண்டாக்களின் நில வழக்காற்றை அவர் எழுதிவைத்தது 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் உருவாகத் துணைநின்றது. பழங்குடியின் நிலத்தை மற்றவர் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் அச்சட்டத்தின் 46ஆம் பிரிவு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அம்மக்களின் வேலியாக நிற்கிறது. 1909இல் கந்துவட்டிக்கு எதிராகக் கூட்டுறவுக் கடன் சங்கமும் தொடங்கினார். முதல் உலகப்போர் வந்ததும் அவரை ஜெர்மானியர் என்று நாடு கடத்தியது வெள்ளை அரசு. பிர்சாவோ 1900 ஜூன் 9 அன்று ராஞ்சி சிறையில், விசாரணை முடியும் முன்பே, சுமார் 25 வயதில் இறந்துபோனார்.

விசாரணைக் கைதியாகவே இறந்தவர் என்ற அந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜார்க்கண்டுக்குத் திரும்பி வந்த ஸ்டான் சுவாமி, 2006 அளவில் ராஞ்சியை அடுத்த நாம்குமில் 'பகாயிச்சா' என்ற சமூக மையத்தை அமைத்தார். தோட்டம் என்று பொருள். அவர் அங்கிருந்து கேட்ட கேள்விகள் எவையும் புரட்சிக்காரன் எழுதிய துண்டறிக்கையிலிருந்து எடுத்தவையல்ல. அரசியல் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. பழங்குடிப் பகுதிகளுக்கான ஐந்தாம் அட்டவணை ஏன் நடைமுறையில் இல்லை? கிராம சபைக்கு அதிகாரம் தந்த 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் ஏட்டளவில் நிற்கிறது? அட்டவணைப் பகுதிகளில் சுரங்கக் குத்தகை பற்றி 1997இல் சமதா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது என்னவாயிற்று? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி தந்த மனுக்கள் ஏன் தள்ளப்படுகின்றன? இவற்றைக் கேட்க ஒருவர் பாதிரியாராக இருக்க வேண்டியதில்லை, குடிமகனாக இருந்தால் போதும்.

ஆனால் கேள்வி கேட்ட பழங்குடி இளைஞர்கள் சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அடிகளாரும் பின்னாலேயே போனார். நக்சலைட்டுகள் என்று பிடித்து வைக்கப்பட்டிருந்த 102 விசாரணைக் கைதிகளைப் பற்றி அவரது குழு ஆய்வு செய்து 2016இல் வெளியிட்டது. மிகப் பெரும்பாலோர் தங்கள் மேல் உள்ள வழக்கே பொய் என்றார்கள். குடும்பம் நிலத்தையும் மாட்டையும் விற்று வக்கீலுக்குக் கொடுத்துவிட்டு நிற்பதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. 2017இல் சுமார் 3000 விசாரணைக் கைதிகளுக்காக ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போடப்பட்டது. சிறையில் இருப்பவனைப் பார்க்கப் போவதென்பது கையில் இரண்டு வாழைப்பழத்தோடு போய் ஜெபம் சொல்லிவிட்டு வருவதாக இருந்திருந்தால், அவரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்து நடந்தவை நாடறிந்தவை. கிராம எல்லையில் அரசியல் சட்டப் பிரிவுகளைக் கல்லில் பொறித்து நட்ட பத்தல்கடி இயக்கத்தை ஒட்டி 2018 ஜூலையில் அவர் உள்ளிட்ட 20 பேர் மேல் தேசத்துரோக வழக்குப் பதிவானது. பீமா கோரேகான் வழக்கில் 2018 ஆகஸ்டிலும் 2019 ஜூனிலும் அவர் அறை சோதனையிடப்பட்டது. 2020 அக்டோபர் 8 அன்று தேசியப் புலனாய்வு முகமை கைது செய்து மும்பைக்குக் கொண்டுவந்தது. அப்போது வயது 83. பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோயால் குவளையைக் கையில் பிடித்துக் குடிக்க இயலாதவர். தமக்கு உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நவம்பர் 6ஆம் நாள் நீதிமன்றத்தில் மனுச் செய்தார். பதிலளிக்க முகமைக்கு 20 நாள் கிடைத்தது. நவம்பர் 26 அன்று, அப்படி ஒரு பொருளை நாங்கள் எடுக்கவேயில்லை என்று முகமை சொன்னது. பின்னர் சிறை நிர்வாகமே அதைக் கொடுத்தது. ஒரு முதியவர் தண்ணீர் குடிக்க ஒரு குழாய் வேண்டும் என்று கேட்டதற்கு ஏற்பட்ட நடைமுறை இது. ஆறு கடமைகளில் இரண்டாவது, தாகித்தவனுக்குத் தண்ணீர் என்பது!

2021 மார்ச் 22இல் ஜாமீன் மறுக்கப்பட்டது. மே 21 அன்று தலோஜா சிறையிலிருந்து காணொளி வழியே உயர்நீதிமன்றத்தில் தோன்றியவர், தமக்கு மருத்துவமனை வேண்டாம், இடைக்கால ஜாமீனில் ராஞ்சிக்குத் தம் மக்களிடம் போனால் போதும் என்று வேண்டினார். சில நாள்களில் நீதிமன்ற ஆணைப்படி பாந்த்ரா மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே கோவிட் தொற்று இருப்பதும் தெரிந்தது. ஜூலை 5 அன்று அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, மருத்துவமனையின் டாக்டரே நீதிமன்றத்துக்குச் சொன்னார், அவர் இறந்துவிட்டார் என்று.

மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்பது முகமையின் குற்றச்சாட்டு. அவர் அதைக் கடைசிவரை மறுத்தார். குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை. வழக்கு விசாரணையே தொடங்குமுன் அவர் காலமாகிவிட்டார். அவருடைய கணினியில் இருந்த கோப்புகள் வெளியாரால் திருட்டுத்தனமாகப் புகுத்தப்பட்டவை என்று, எதிர்த்தரப்பு அமர்த்திய அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் 2022 டிசம்பரில் வெளியான அறிக்கையில் சொன்னது. அந்த அறிக்கையைச் சோதித்துப் பார்க்க வேண்டியதும் நீதிமன்றம்தான். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 43டி பிரிவின் 5ஆவது உட்பிரிவு, குற்றப்பத்திரிகை மேலோட்டமாக உண்மை போல் தோன்றினாலே ஜாமீன் கூடாது என்கிறது. 2008இல் சேர்க்கப்பட்டது அது; சேர்த்தது இன்றைய ஆளுங்கட்சியன்று, அன்றைய காங்கிரஸ் கூட்டணி அரசு. அடிகளாருக்காகக் கண்ணீர் விட்ட காங்கிரஸ் தலைவர்கள் அதைக் குறித்துப் பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இனி, நம் கிறித்தவ நண்பர்களிடம் உரிமையோடு இரண்டு சொல். தர்மத்தோடு நின்றுகொண்டால் ஆபத்தில்லை, அரசியல் பேசினால் வெளிநாட்டு நிதிக்கான உரிமம் போய்விடும் என்று தயங்கும் நிறுவனங்களின் அச்சம் நமக்குப் புரிகிறது. மருத்துவமனையும் அநாதை இல்லமும் நடத்துபவர்களின் கவலை பொய்யன்று. ஆனால் அந்தக் கணக்கும் தப்பு என்று காட்டியது 2021 டிசம்பர். அரசியலே பேசாத, சாகக் கிடப்பவர்களைத் தூக்கிவந்து கஞ்சி ஊற்றுவதையே தொழிலாகக் கொண்ட அன்னை தெரசாவின் சபைக்கே வெளிநாட்டு நிதி உரிமம் புதுப்பிக்கப்படாமல், அதுவும் கிறிஸ்துமஸ் நாளில், மறுக்கப்பட்டது. உலகமே கேட்ட பிறகு 2022 ஜனவரியில்தான் திரும்பக் கிடைத்தது. வாய் மூடியிருந்தது அவர்களைக் காக்கவில்லை.

இரண்டாவது, ஏன் என்ற கேள்வியைக் கச்சேரி வாசலில் மட்டும் கேட்டால் போதாது. கிறித்தவரான தாழ்த்தப்பட்டோருக்கு 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி அட்டவணைச் சாதி உரிமையை மறுக்கிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு இவர்களுக்குத் திறக்கவில்லை. திறக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சொல்லியும் ஆகவில்லை. இந்த அநீதியை எதிர்த்து ஆயர்கள் ஊர்வலம் போவதை வரவேற்கிறோம். அதே வேளையில், அடிகளார் பிறந்த அதே மாவட்டத் தலைநகரில், திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களையும் சாதியால் பிரித்து ஒரு சுவர் எழுந்து நின்றதை எந்த அரசு கட்டியது? திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது பெரிது, இடிப்பது அதைவிடப் பெரிது.

சரி, நம்மைப் போன்ற பிழைக்க வந்தவர்கள் என்னதான் செய்ய முடியும் என்று கேட்கலாம். நம்மால் ஸ்டான் சுவாமிகளாக முடியாது, வேண்டியதும் இல்லை. ஆனால் ஆறாவது கடமையில் நமக்கென்றே ஒதுக்கிய வேலை ஒன்று இருக்கிறது.

2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75 பேருக்கு மேல்! இவர்களில் ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகும் வெளியே வர முடியாதவர்கள் உண்டு. ஜாமீன்தாரர் கிடைக்காததே காரணம். உள்ளூரில் சொத்துள்ள, உள்ளூர் ரேஷன் கார்டு உள்ள ஆள் கையெழுத்திட வேண்டும் என்றால், திருநெல்வேலியிலிருந்தோ தர்பங்காவிலிருந்தோ வந்து கட்டட வேலை செய்பவன் எங்கே போவான்? இதே கொடுமை மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாருக்கு நேர்ந்தது. அண்ணன் தம்பியின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி மாஜிஸ்டிரேட் ஜாமீன்தாரரைத் தள்ளிவிட்டார். அந்த வழக்கில்தான் 1978இல் நீதிபதி கிருஷ்ணய்யர், வெளி மாவட்டத்தான், வெளி மொழிக்காரன் என்று சொல்லி ஜாமீன்தாரரைத் தள்ளக்கூடாது, ஒரு நாட்டில் வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர் ஆகமாட்டார்கள் என்ற கருத்துப்பட இடித்துரைத்தார். நாற்பத்தைந்து ஆண்டு கழித்து, 2023 ஜனவரி 31 அன்று உச்சநீதிமன்றம் அதையே மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவதே விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணம், அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்றும், ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் வெளிவராதவரின் நிபந்தனையை நீதிமன்றம் தானாகவே தளர்த்தலாம் என்றும் வழிகாட்டியது.

சட்டம் சொல்கிறது, ஆனால் தலோஜாவிலோ ஆர்தர் ரோடிலோ உள்ளே கிடப்பவனுக்கு இதை எடுத்துச் சொல்லவும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்கு மனு எழுதித் தரவும் ஆள் வேண்டும். மராத்தியும் தமிழும் தெரிந்த ஆள் நம்மிடம் உண்டு. இருபது முப்பது ஆண்டு இங்கே வாழ்ந்து, ரேஷன் கார்டும் சொந்தக் கோலியும் வரி ரசீதும் வைத்திருக்கும் உறுப்பினர்கள் நம் சங்கத்தில் நிறையவே இருக்கிறார்கள். பங்குக் கோயில்களில் இந்த ஆண்டு சேலைக்கு வசூல் நோட்டு எடுப்பவர்கள், அதே நோட்டின் பின்பக்கத்தில், ஜாமீன் கையெழுத்துப் போட முன்வருவோர் என்று ஒரு தலைப்பு எழுதி, யார் யார் பெயர் தருகிறார்கள் என்று பார்க்கட்டும். இந்துக்களும் இஸ்லாமியரும் கடவுள் இல்லை என்பாரும்கூட அதில் கையெழுத்திடலாம், நாங்களும் இடுகிறோம்.